வரட்சிக் காலத்தில் வீட்டுத்தோட்டக் கோப்பிச் செடிகள்

கம்பளையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் நெல்லும் மரக்கறியும் செய்யும் கமக்காரரின் வீட்டுத்தோட்டங்களிலே ஐந்தாறு கோப்பிச் செடிகளேனும் நிற்பதைக் காணலாம். கிணற்றடியிலோ, பின்வேலியோரத்திலோ, பலா மரத்தின் நிழலிலோ நிற்கும் இச்செடிகளை ஒரு பயிரென்று எண்ணுவோர் சிலரே. வயலுக்குப் பசளை உண்டு. மரக்கறிப் பாத்திக்கு நீர் உண்டு. கோப்பிக்குக் கிடைப்பதோ மழையும் மறதியுமே. ஆயினும் நன்றாகக் காய்க்கும் சில செடிகள் ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் வேண்டிய கோப்பித்தூளைத் தந்து, எஞ்சியதைக் கடைக்குக் கொடுக்கவும் உதவும். அந்த வருவாய் கிட்டுவதும் கிட்டாது போவதும் பெரும்பாலும் தை, மாசி, பங்குனி ஆகிய மூன்று மாதங்களிலேயே தீர்ந்துவிடுகின்றது. அம்மாதங்களிலே செய்யவேண்டியவற்றையும், அவற்றினும் முக்கியமாகச் செய்யாது விடவேண்டியவற்றையும் இப்பிரசுரம் எடுத்துக் கூறுகின்றது.

கோப்பிக்கும் கம்பளைக்குமுள்ள உறவு இன்று நேற்று உண்டானதன்று. ஆங்கிலேயர் பெருந்தோட்டங்களைத் திறப்பதற்கு முன்பே கண்டி நாட்டுக் கிராமங்களிலே கோப்பிச் செடிகள் நின்றன. அவற்றின் வெண்பூக்களை விகாரைகளிலே படைத்தனர் என்பர். 1820களிலே ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்ஹபிட்டியவிலே காட்டை வெட்டிக் கோப்பித் தோட்டம் அமைத்தார். இலங்கையிலே வணிக நோக்குடன் திறக்கப்பட்ட முதற்கோப்பித் தோட்டங்களுள் அது ஒன்றாகும். 1869ஆம் ஆண்டிலே இலைத்துரு நோய் இந்நாட்டிலே காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பெருந்தோட்டக் கோப்பி பெரும்பாலும் அழிந்து, அந்நிலங்களிலே தேயிலை ஏறிற்று. அன்று தோட்டங்களிலே அழிந்த செடி வீட்டு வேலியோரங்களிலே மட்டும் எஞ்சியது. நம் முற்றத்திலே கவனிப்பாரற்று நிற்பது இத்தனை பழைய குடி என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

வரட்சியும் பூமொட்டும்

கம்பளை ஈரவலயத்து ஊர். மகாவலி கங்கை அதனூடாக ஓடுகின்றது. தென்மேற்குப் பருவமழை இங்கே ஓங்கிப் பெய்யும். ஐப்பசி, கார்த்திகையிலும் மழைக்குக் குறைவில்லை. ஆகவே, "நமக்கேது வரட்சி?" என்று கேட்போர் பலர். ஆனால் மார்கழி மழை ஓய்ந்தபின், பங்குனிக் கடைசியிலோ சித்திரையிலோ பிற்பகல் இடிமழை தொடங்கும் வரையில், வானம் பல வாரங்கள் வெறிச்சோடிக் கிடப்பது இங்கே வழக்கமே. மலைச்சரிவுகளிலே மழைநீர் நில்லாது ஓடிவிடுவதால் மண் விரைவிலே காயும். 2016ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2017ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் நாடெங்கும் நிலவிய கடும் வரட்சியை எவரும் மறந்திருக்கமாட்டார்.

இந்த வரட்சி கோப்பிக்குப் பகையா, நட்பா? இரண்டுமே என்பதுதான் விடை. இதனை விளங்கிக் கொள்ளாமலே பெரும்பாலான தவறுகள் நிகழ்கின்றன.

கோப்பிச் செடியின் பக்கக் கிளைகளிலே, இலைக்காம்புகளின் கக்கத்திலே, கொத்துக் கொத்தாகப் பூமொட்டுகள் தோன்றும். அவை ஏறத்தாழ ஒரு நெல்மணியளவு வளர்ந்ததும் வளர்ச்சியை நிறுத்தி உறங்கத் தொடங்கும். அவ்வாறு உறங்கும் மொட்டு மலர்வதற்கு இரண்டு காரியங்கள் வேண்டும். முதலாவது, சில வாரங்கள் செடி நீர்க்குறைவை உணர்தல் வேண்டும். இரண்டாவது, அதன்பின் ஒரு நல்ல மழை ஒரே தடவையிலே கிடைத்தல் வேண்டும். வரண்ட செடியிலே நல்ல மழை விழுந்தவுடன் மொட்டுகள் வெள்ளை மெழுகுதிரிகள் போல நீண்டு, ஏழு முதற் பத்து நாள்களுக்குள் தோட்டம் முழுவதும் ஒருசேர மலர்ந்துவிடும். மல்லிகையை ஒத்த அதன் மணத்தைக் கொண்டே இன்ன வீட்டிலே கோப்பி பூத்திருக்கின்றது என்று வழியிற் போவோரும் அறிவர். இரண்டு மூன்று நாள்களிலே பூ வாடி உதிரும். ஓராண்டுக் காய்ப்பு அந்தச் சில நாள்களிலே நிச்சயமாகின்றது.

மழை அரைகுறையாகப் பெய்தால் நிலைமை வேறு. சில மொட்டுகள் மட்டும் விழித்துக்கொள்ளும், மற்றவை உறங்கும். விழித்த மொட்டுகளும் முழுதாக விரிவதற்கு நீர் போதாமல், சிவப்பேறி, இடைநடுவிலே கருகிப்போகும். வானம் செய்யும் இதே தவறை நாம் வாளியினாலும் செய்துவிட முடியும்.

இதனை நான் என் தவற்றிலிருந்தே கற்றுக்கொண்டேன் என்பதை மறைக்கவேண்டியதில்லை. விவசாயப் போதனாசிரியனாக வேலையேற்ற முதலாம் ஆண்டு, கம்பளை நகருக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்திலே மூதாட்டி ஒருவர் தமது ஆறு கோப்பிச் செடிகளும் வாடுகின்றன என்று முறையிட்டார். பண்ணைப் பாடசாலையிலே மரக்கறிக்குப் படித்த பாடத்தை அப்படியே கோப்பிக்கும் ஒப்புவித்து, "நாள்தோறும் மாலையில் செடிக்கு அரை வாளி நீர் ஊற்றுங்கள், அம்மா" என்று கூறிவந்தேன். அவரோ சொன்னதைத் தவறாது செய்தார். பீலியிலிருந்து குடங்குடமாகச் சுமந்து வந்து, ஏறத்தாழ ஐந்து வாரம் ஊற்றினார். செடிகள் பச்சையாகத்தான் நின்றன. ஆனால் பூவோ மாசியிலே கொஞ்சம், பங்குனியிலே கொஞ்சம், சித்திரை மழைக்குப் பின்னர் கொஞ்சமென மூன்று நான்கு தடவைகளாக வந்தது. முதலில் வந்தவற்றுட் பெரும்பகுதி கருகிற்று. எஞ்சிய காய்கள் ஒன்றாகப் பழுக்காமையால் அவர் மாதக்கணக்கிலே கைப்பிடி கைப்பிடியாகப் பறிக்கவேண்டியதாயிற்று. "தம்பி, சுமந்த தண்ணீருக்குக் கூலி போட்டால் கடையிலே கோப்பித்தூள் வாங்கிவிடலாமே" என்றார் அவர். கோபமாகக் கூறவில்லை, அதனாலேயே அச்சொல் இன்றுவரை என் நினைவை விட்டு அகலவில்லை.

முதலில் வேரைக் காத்தல்

அவ்வாறாயின் கோப்பியை வாடவிட்டுப் பார்த்திருப்பதா? அன்று. இலை வரட்சியை உணரலாம், வேர் வெந்துபோகலாகாது. கோப்பியின் உணவுறிஞ்சும் வேர்களுட் பெரும்பாலானவை மேல்மண்ணிலே, ஓரடி ஆழத்துக்குள்ளேயே பரவியுள்ளன. வெயில் நேரே விழும் வெறும் நிலத்திலே இவ்வேர்கள்தாம் முதலிற் கருகும். ஆகவே நீர் ஊற்றுவதற்கு முன்பாகச் செய்யவேண்டியது மண்ணை மூடுதலாகும். இதனையே பத்திரக் கலவை இடுதல் என்கின்றோம்.

மார்கழி மழை ஓயும் தறுவாயிலே, மண்ணில் ஈரம் இருக்கும்போதே இதனைச் செய்துவிடவேண்டும். காய்ந்த மண்ணை மூடுவது காய்ச்சலை மூடிவைப்பதற்கு ஒப்பாகும். செடியின் கிளைகள் எவ்வளவு தூரம் பரந்துள்ளனவோ அவ்வளவு தூரத்துக்கு, நான்கு விரற்கடையேனும் கனமாக, வைக்கோல், காய்ந்த புல், வாழைச்சருகு, பலாவிலை, வேலியில் வெட்டிய கிளிரிசீடியா இலை ஆகிய எதனையும் பரப்பலாம். அடித்தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் வெறுமையாக இருத்தல் அவசியம். தண்டோடு ஒட்டச் சருகைக் குவித்தால் பட்டை அழுகுவதோடு கறையானும் ஏறும்.

வைக்கோலைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்போக நெல் அறுவடையாகி வைக்கோல் கைக்கு வரும்போது வரட்சி பாதி கடந்துவிட்டிருக்கும். ஆதலால் சிறுபோக வைக்கோலிலே இரண்டொரு கட்டை மழைபடாது ஒதுக்கிவைப்பது நன்று. வயலின் வைக்கோல் முழுவதையும் வீட்டுத்தோட்டத்துக்குக் கொண்டுவருமாறு நான் கூறவில்லை. வைக்கோல் வயலுக்கே திரும்பவேண்டிய பொருள். அதனைத் தீயிட்டுக் கொளுத்துவோர் மட்டும் அதற்கு முன்பாகத் தமது கோப்பிச் செடிகளை ஒருமுறை நினைத்துப் பார்க்கவேண்டும்.

களையெடுப்பதிலும் கவனம் தேவை. மரக்கறிப் பாத்தியைக் கொத்துவது போலக் கோப்பியின் அடியை மண்வெட்டியாற் கொத்துவதனால், மேல்மண்ணிலுள்ள வேர்கள் அறுபடும். மழைக்காலத்திலே அறுந்த வேர் மீண்டும் வளரும். தை மாதத்திலே அறுந்த வேர் வளராது. புல்லைக் கத்தியால் அரிந்து அவ்விடத்திலேயே போடுவது போதுமானது. காய்ந்த மண்ணிலே யூரியா முதலிய இரசாயனப் பசளையை இடுவதும் இதுபோன்ற தவறேயாகும். பசளை மழை தொடங்கியபின்னர் இடவேண்டியது.

நிழலைப் பற்றி நம்மிடையே இரு கட்சிகள் உள்ளன. நிழல் கூடாது என்போரும் உளர். செடியை இருளிலே வைத்திருப்போரும் உளர். அடர்ந்த நிழலிலே செடி நெட்டையாக வளர்ந்து மொட்டுக் குறையும். நிழலே இல்லாத செடியோ ஓர் ஆண்டு தன் வலிமைக்கு மீறிக் காய்த்து, அடுத்த வரட்சியிலே இலையுதிர்ந்து, நுனியிலிருந்து கிளைகள் காய்ந்து, பின்னர் தேறுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் எடுக்கும். வெயில் ஆங்காங்கே சல்லடையிட்டாற்போல விழும் நிழலே ஏற்றது.

அத்தகைய நிழலைத் தருவதற்குக் கிளிரிசீடியாவும் முள்முருங்கையும் உகந்தவை. ஆனால் கிளிரிசீடியாவிலே ஒரு சூழ்ச்சி உண்டு. கத்தரிக்காது விட்ட மரம், வரட்சி தொடங்கியவுடன் தன் இலையையெல்லாம் உதிர்த்து இளஞ்சிவப்புப் பூவோடு நிற்கும். பார்வைக்கு அழகுதான், கோப்பிக்கு மிகவும் வேண்டிய காலத்திலே நிழல் இராது. புரட்டாசி, ஐப்பசியில் கிளைகளை அளவாகக் கத்தரித்துவிட்டால், அதன்பின் எழும் இளந்துளிர்கள் வரட்சியிலும் இலையோடு நிற்கும். தை பிறந்தபின் நிழல் மரத்திலே கத்தி வைக்கவேண்டாம். விறகு வேண்டுமாயினும் சித்திரை மழை வரையிற் பொறுத்திருத்தல் நலம்.

நீர் எப்போது, எவ்வளவு?

முதிர்ந்து காய்க்கும் செடிக்கு இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, மண்ணை மூடி, நிழல் கொடுத்து, மழை வரும்வரை நீர் ஊற்றாதிருத்தல். மற்றையது, மொட்டுகள் நெல்மணியளவாகி உறங்கத் தொடங்கிச் சில வாரம் சென்றபின், ஒரே தடவையில் ஒரு நல்ல மழைக்குச் சமமான நீரைக் கொடுத்தல். இவ்விரண்டுக்கும் நடுவிலே மூன்றாவது வழி இல்லை. நான் அம்மூதாட்டிக்குக் கூறியது அந்த இல்லாத மூன்றாவது வழியே.

ஒரு நல்ல மழைக்குச் சமமான நீர் எவ்வளவு? ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீராகும். மொட்டுகளை எழுப்புவதற்கு 25 மில்லிமீற்றர், அதாவது ஓரங்குல மழை, வேண்டுமெனக் கொள்வோம். இரண்டு மீற்றர் அகலமாகக் கிளை பரப்பிய செடியின் கீழுள்ள நிலம் மூன்று சதுர மீற்றருக்குச் சற்று அதிகம். ஆகவே ஒரு செடிக்கு 75 லீற்றருக்குக் குறையாமல் வேண்டும். 15 லீற்றர் கொள்ளும் வாளியாயின் ஐந்து வாளி. இதனை வாசிக்கும் பொழுதே சிலர் மலைப்பது எனக்குத் தெரிகின்றது. ஆனால் நாளுக்கு அரை வாளி வீதம் ஐந்து வாரம் ஊற்றிய நீரைக் கணக்கிட்டால் அது பதினேழு வாளிக்கு மேலாகும். மூன்றிலொரு பங்கிலும் குறைவான நீரை ஒரே நாளில் கொடுத்திருந்தால் அந்த அம்மாவின் செடிகள் ஒருசேரப் பூத்திருக்கும்.

ஐந்து வாளியையும் தண்டின் அடியிலே கவிழ்க்கலாகாது. கிளைநுனிக்குக் கீழே மேடுகட்டிச் சிறு பாத்தி அமைத்து, பத்திரக் கலவையின் மேலாக மெல்ல மெல்ல ஊற்றி, ஊறவிட்டு மீண்டும் ஊற்றவேண்டும். சரிவான நிலமாயின் பாத்தியின் கீழ்ப்பக்க மேட்டைச் சற்று உயர்த்திக் கட்டுக. அரிசி கழுவிய நீரும் பாத்திரம் அலம்பிய நீரும் ஆகும்; சவர்க்கார நீரைத் தவிர்த்தல் நன்று.

அத்துடன் வேலை முடிந்துவிடுவதில்லை. பூ உதிர்ந்தபின் மிளகளவு பிஞ்சு நிற்கும். மலர்ச்சிக்கு நீர் கொடுத்து இரண்டு மூன்று வாரம் சென்றும் மழை வாராதிருந்தால், அதேயளவு நீரை மீண்டும் ஒருமுறை கொடுத்தே ஆகவேண்டும். முதல் நீரைக் கொடுத்துவிட்டு இரண்டாவதைக் கைவிடுவது, விருந்தினரை அழைத்துவிட்டுக் கதவைப் பூட்டுவது போன்றதாகும். இரண்டாவது முறைக்கு வேண்டிய நீர் கிணற்றில் நிற்குமா என்று முன்னரே பார்த்துக்கொள்ளவேண்டும். நில்லாதெனின் முதல் நீரையும் கொடுக்காமல் மழைக்குக் காத்திருப்பதே புத்தி. கிணற்று நீர் கத்தரிக்கும் போஞ்சிக்குமே போதாத வீடுகளிலே, மரக்கறிக்குத்தான் முதலிடம் என்பதே என் கருத்து. நீரின்றேல் மரக்கறி ஒரு வாரத்திலே கையை விட்டுப் போய்விடும். மூடிய மண்ணிலே நிற்கும் கோப்பி பொறுத்துக்கொள்ளும்.

நம் தோட்டங்களிலே உள்ள கோப்பி இருவகைப்படும். சிற்றிலையும் மெல்லிய கிளையும் உடையது அரபிக்கா. அகன்ற, மேடுபள்ளமான பெரிய இலையை உடையது ரொபஸ்டா. அரபிக்கா தன் மகரந்தத்தாலேயே காய்க்கவல்லது. ரொபஸ்டாவோ வேறொரு செடியின் மகரந்தமின்றிக் காய்க்காது. காற்றும் தேனீயும் அதனைக் கொண்டுவருதல் வேண்டும். ஆகவே ரொபஸ்டாச் செடிகளுக்கு இன்று ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என நீர் ஊற்றினால், ஒன்று பூக்கும்போது மற்றொன்று உறங்கும். பூவிருந்தும் காய் இராது. மாலையிலே சிலவற்றுக்கும் மறுநாட் காலையிலே மற்றவற்றுக்குமாக, எல்லாச் செடிகளுக்கும் ஒன்றாகவே நீரூட்டி முடிக்கவேண்டும். ஒற்றை ரொபஸ்டாச் செடி வைத்துக்கொண்டு, காய்க்கவில்லையே என வருந்துவோர் அதன் அருகே வேறு விதையிலிருந்து வந்த இரண்டொரு செடிகளை நட்டுக்கொள்ளலாம். பூக்கும் நாள்களிலே பக்கத்து மரக்கறிப் பாத்திக்கும் பூச்சிநாசினி தெளிக்கவேண்டாம். தேனீ இறந்தால் கோப்பிக்கு நட்டம். பாகற்கும் பூசணிக்குங்கூட நட்டமே.

மேற்கூறிய யாவும் காய்க்கும் செடிகளுக்கே பொருந்தும். நட்டு ஓரிரண்டு ஆண்டுகளே ஆன கன்றுக்குப் பூவைப் பற்றிய கவலை வேண்டா; அதன் உயிரே பெரிது. கன்றின் மேற்குப் பக்கத்திலே கிடுகு ஒன்றைச் சரித்துக் கட்டி, வாரத்துக்கு இருமுறை அரை வாளி நீர் ஆழமாக ஊறும்படி ஊற்றுக. அடியில் ஊசித் துளையிட்ட பழைய மண்குடம் ஒன்றைக் கன்றுக்கு ஒரு முழத் தூரத்திலே கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பிவைத்தால், நீர் வீணாகாது வேரடிக்கே செல்லும்.

தாகமா, பூச்சியா?

நடுப்பகலிலே இலை தொங்கி, மாலையிலே நிமிரும் செடியைக் கண்டு பதறவேண்டாம். அது தன்னைத் தானே காத்துக்கொள்கின்றது. விடியற்காலையில் பார்க்கும்போதும் இலை தொங்கியிருந்தால், அச்செடி எல்லையைத் தாண்டிவிட்டது என்று அறிக. அந்நிலையிலே பூவைப் பற்றி எண்ணாது, மேற்கூறிய அளவு நீரை உடனே கொடுத்துச் செடியைக் காப்பாற்றவேண்டும்.

செடி முழுவதும் பச்சையாக நிற்க, ஒரு கிளை மட்டும் திடீரென வாடிக் கறுத்தால் அது தாகமன்று. எவ்வளவு நீர் ஊற்றினும் தீராது. அக்கிளையைக் கையிலெடுத்து அடிப்பக்கத்தை உற்று நோக்கின், குண்டூசித் தலையளவு துளை ஒன்று காணப்படலாம். கிளைதுளைக்கும் சிறு வண்டு உட்புகுந்த வழி அதுவே. துளைக்குக் கீழே நான்கு விரல் விட்டு வெட்டி, வெட்டியதை அன்றே எரித்துவிடுக. தண்டின் அடியிலே மரத்தூள் உருண்டைகள் விழுந்து கிடந்தால், தண்டினுள்ளே சிவப்புத் துளைப்பான் புழு இருக்கின்றது. துளையினுள்ளே மெல்லிய கம்பியைச் செலுத்திப் புழுவைக் கொல்லலாம். தண்டு முழுவதும் கோறையாகிவிட்டிருப்பின் புழுவுக்குக் கீழே வெட்டிவிடுவதன்றி வேறு வழியில்லை. இலையின் அடியிலே பச்சைச் செதிற்பூச்சி அப்பியிருந்து, மேலே கரி பூசினாற்போல இருந்தால், முதலில் எறும்பின் வழியை அடைத்துவிடுக. அப்பூச்சியைக் காத்துப் பரப்புவது எறும்பே.

காய்ப்பறிப்பு முடிந்தபின் செடியிலே ஒட்டிக் காய்ந்துபோன காய்களையும், நிலத்திலே உதிர்ந்தவற்றையும் பொறுக்கிவிடவேண்டும் என்று கூறினால், "பத்துக் காய்க்காகக் குனிவதா?" என்று சிலர் சிரிப்பர். காய்துளைக்கும் கறுப்பு வண்டு எள்ளளவினும் சிறியது. செடியிலே புதுக்காய் இல்லாத வரட்சி மாதங்களை அது கழிப்பது அந்தப் பத்துக் காய்களுக்குள்ளேதான். புதுக்காய் முற்றியவுடன் அங்கிருந்தே அது புறப்படுகின்றது. பொறுக்கிய காய்களைக் கொதிநீரில் இட்டபின் எருக்குழியிலே போடுக. மூதாட்டியின் தோட்டத்திலே பூ மூன்று நான்கு தடவைகளாக வந்தபடியால், இவ்வண்டுக்கு ஆண்டு முழுவதும் இடைவிடாது உணவு கிடைத்தது என்பதனையும் இங்கே சேர்த்துக் கூறவேண்டும். அடுத்த ஆண்டு அவர் நீர் சுமக்கவேயில்லை. சருகு மட்டும் பரப்பினார். சித்திரை மழைக்குப் பின் ஆறு செடிகளும் ஒன்றாகப் பூத்த சேதியை எனக்குச் சொல்லியனுப்பினார்.

இடிமழை இரண்டு மூன்று விழுந்து மண் நன்கு நனைந்தபின் பசளையிடலாம். நிழல் மரத்தையும் அப்பொழுது கத்தரிக்கலாம். அடித்தண்டிலிருந்து நேராக மேல்நோக்கி எழும் போத்துகளை இளமையிலேயே கையாற் கிள்ளிவிடுக. முற்றவிட்டுப் பின்னர் கத்தியால் வெட்டினால் அவ்விடத்திலே இரண்டு போத்துகள் எழும். கோப்பிக் கன்றுகளைப் பற்றியும் ஏனைய உதவிகளைப் பற்றியும் அறிய விரும்புவோர், ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் அண்மையிலுள்ள உத்தியோகத்தரிடமோ, தமது பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ விசாரிக்கலாம். வரும்போது வாடிய கிளையொன்றை இலையோடு வெட்டிக்கொண்டு வந்தால், காரணத்தை அவ்விடத்திலேயே கூறுவது எளிதாகும்.